ஏசி ஓடுதுங்க, குளிர்தான் வரலை

கார் ஏசி ரிப்பேர் செய்கிறவன் நல்ல சேதி கேட்டு நாளைத் தொடங்குவது கிடையாது. தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் ஒரு தகரக் கொட்டகையின் கீழ் இந்தத் தொழிலைச் செய்துகொண்டிருந்தேன். அப்போது காரில் ஏசி என்பதே பலருக்குப் புதிது. ஆசையாகப் பொருத்திக்கொள்வார்கள். மாசி முடிந்து வெயில் ஏறியதும் வேர்த்து வழிய வந்து நிற்பார்கள். கண்ணாடியை ஏற்றினால் வேகிறது, இறக்கினால் புழுதி அடிக்கிறது என்று தவித்தவர்களில் நீங்களும் ஒருவராக இருந்தால், உங்களுக்கு எதிரில் நின்ற என் தவிப்பையும் கொஞ்சம் கேளுங்கள்.

பஞ்சு மெத்தை

சூலூரிலிருந்து ஒரு விசைத்தறிக்காரர் வந்தார். கார் ஓடும்போது ஏசி குளிர்கிறது, எங்கேயாவது நின்றால் சுடுகாற்று அடிக்கிறது என்றார். ஏற்கெனவே பல இடங்களில் காட்டியிருக்கிறார். போன இடத்திலெல்லாம் கேஸ் குறைவு என்று சொல்லி அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். மீட்டரை மாட்டிப் பார்த்தேன். கேஸ் குறைவாக இல்லை, தேவைக்கு மேலேயே இருந்தது.

"வண்டிய எங்கீங்க நிறுத்துவீங்க?" என்று கேட்டேன். தறி ஓடும் கொட்டகைச் சுவரை ஒட்டித்தான் என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. ரேடியேட்டருக்கு முன்னால் வலை மாதிரி ஒன்று இருக்குமே, கண்டென்சர், ஏசியின் சூட்டை வெளியே தள்ளுவது அதுதான். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் வலையே தெரியவில்லை. பறந்து வந்த பஞ்சு படிந்து படிந்து மெத்தை தைத்ததுபோல் மூடியிருந்தது. அதிகக் கேஸை இறக்கினேன். ஹோஸ் பைப்பை எடுத்துப் பொறுமையாகக் கழுவினேன். பஞ்சு பாளம் பாளமாக வந்து விழுந்தது. என் சட்டை பூராவும் நனைந்து, அந்த வெயிலில் அதுவே ஒரு சுகமாக இருந்தது.

நிறுத்தி வைத்த வண்டியிலேயே சில்லென்று காற்று வந்தது. அவர் உள்ளே உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தார். முகத்தில் சந்தோஷத்தைக் காணோம், ஏதோ ஏமாந்துபோன மாதிரிதான் இருந்தது. கீழே கிடந்த பஞ்சையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, வெறும் தண்ணி ஊத்துனா செரியாப் போயிருமின்னா, அப்புறம் மெக்கானிக்கு எதுக்குங்க?"

தெர்மாமீட்டர்

மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். வெயில் காலம் முழுக்க அவர் கார் என் கொட்டகையில்தான் நிற்கும். கம்ப்ரசர் நன்றாக ஓடுகிறது, பெல்ட் இறுக்கமாக இருக்கிறது, கேஸ் கச்சிதம். அவர் மட்டும் குளிரவில்லை என்பார். கடைசியில், காற்று வரும் வாயில் தெர்மாமீட்டரைச் செருகிக் காட்டினேன். முள் சரசரவென்று இறங்கிக் கீழே போய் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கை மயிர் சிலிர்த்துவிட்டது.

அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முள்ளையே பார்த்தார். பிறகு வேர்க்காத நெற்றியைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். "அது தெர்மாமீட்டருக்குக் குளுருதுங்க தம்பி, எனக்குக் குளுரலையே."

ஊட்டிக்குப் போய் வந்த சூடு

பொள்ளாச்சித் தேங்காய் வியாபாரி ஒருவர் மனைவியோடு வந்தார். ஏசி போட்டால் அடுப்படியில் நிற்கிற மாதிரி காற்று வருகிறதாம். இரண்டு மெக்கானிக்குகள் கம்ப்ரசரைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டியிருக்கிறார்கள். அவர் கதை சொல்லச் சொல்ல, அந்த அம்மா "ஏனுங்க..." என்று ஆரம்பிப்பார். இவர் "நீ செத்த சும்மா இரு அம்மணி" என்று அடக்குவார். அவரும் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

கம்ப்ரசருக்கு ஒன்றுமில்லை. அதற்குத் திரும்பி வருகிற குழாயும் தொட்டால் ஜில்லென்றுதான் இருந்தது. பிறகு சூடு எங்கிருந்து சேருகிறது? எனக்கே அலுத்துவிட்டது. அந்த அம்மாவிடம், "நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களேம்மா?" என்றேன்.

போன மாதம் ஊட்டிக்குப் போனபோது குளிர் தாங்காமல் ஹீட்டர் போட்டார்களாம். இறங்கி வரும்போது இவர் ஹீட்டர் குச்சியை வேகமாக இழுக்க, உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதாம். டேஷ்போர்டின் அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். ஹீட்டர் கேபிள் கழன்று தொங்கியது. குச்சி குளிருக்கான நீலக் கோட்டில் இருந்தாலும் உள்ளே வெந்நீர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. கேபிளைக் கொக்கியில் மாட்டியதும் சரியாகிவிட்டது. வியாபாரி ரோட்டில் போகிற பஸ்ஸை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "போன எடத்துலயெல்லாம் சொல்ல வாயெடுத்தேனுங்க. என்னையக் கேட்டது நீங்க ஒருத்தருதான்."

ஈரோடு போகும் வழியில்

அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் உச்சிப் பொழுது. கார் ஒன்று அவசரமாக உள்ளே திரும்பியது. ஓட்டி வந்தவர் ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். பின்சீட்டில் அவருடைய அப்பா, தலையணையில் சாய்ந்து, கண்ணை மூடியிருந்தார். நெஞ்சின்மேல் ஈரத்துண்டு. மகன் என்னைத் தள்ளிக் கூட்டிப் போய் மெதுவாகச் சொன்னார்: "ஆஸ்பத்திரியில இனி ஒண்ணும் பண்றதுக்கில்லீங்க, ஊட்டுக்குக் கூட்டீட்டுப் போங்கன்னுட்டாங்க. ஊர் தாண்டறதுக்குள்ளயே ஏசி நின்னுபோச்சு. எப்படியாவது பண்ணுங்க."

பெரியவரை நிழலில் இறக்கிப் படுக்க வைக்கலாம் என்றேன். இறக்கினால் மறுபடி ஏற்ற முடியாது என்றார். காரை வேப்பமரத்தடிக்குத் தள்ளினோம். பக்கத்து டிங்கரிங் கடைச் செல்வராஜ், யாரும் சொல்லாமலே ஒரு அட்டையை எடுத்து வந்து, சன்னலோரம் நின்று பெரியவருக்கு விசிற ஆரம்பித்தார்.

கம்ப்ரசருக்குப் போகிற ஒயர் இஞ்சின் சூட்டில் கருகியிருந்தது. அதோடு அதற்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலேவும் போயிருந்தது. முறையாக மாற்ற வேண்டிய சாமான் ஊரில் கிடையாது, சென்னையிலிருந்து வர வேண்டும். பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயரை இழுத்து, நடுவில் ஃப்யூஸ் போட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் வீட்டுச் சுவிட்சு ஒன்றைத் தொங்கவிட்டேன். தொழிலில் நான் மற்றவர்களைத் திட்டுகிற மாதிரியான வேலைதான் அது. சுவிட்சைத் தட்டியதும் கம்ப்ரசர் 'டக்'கென்று பிடித்தது. "இஞ்சின் சூட்டு முள்ளப் பாத்துக்கிட்டே போங்க. மேல ஏறுச்சுன்னா உடனே சுவிட்ச ஆஃப் பண்ணிப் போடுங்க" என்று சொல்லி அனுப்பினேன். பெரியவர் கடைசிவரை கண்ணைத் திறக்கவில்லை.

அதன்பின் வெகுநாள் மகன் வரவே இல்லை. ஒயர் வழியில் கருகியிருக்குமோ, வண்டி நடுரோட்டில் நின்றிருக்குமோ என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். மழை பிடித்த பிறகு ஒரு நாள் அதே கார் வந்தது. மகனுக்கு மொட்டைத்தலையில் முடி முளைத்துக்கொண்டிருந்தது. ஒயரை முறைப்படி மாற்றித் தரச் சொன்னார். நான் தயங்கித் தயங்கி, அன்றைக்கு வழியில் தொந்தரவு ஒன்றும் இல்லையே என்று கேட்டேன். அவர் தொங்குகிற சுவிட்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெருந்துறை தாண்டறப்ப, குளுருதுடா கண்ணு, போத்தி உடுன்னாருங்க. அவரு எங்கூடப் பேசுன கடைசிப் பேச்சு அதுதானுங்க."

ஏசி நன்றாக ஓடியது என்று சொல்ல யாரும் மெனக்கெட்டு ஒர்க்‌ஷாப்புக்கு வருவதில்லை, வந்த இடத்தில் அதைச் சொன்ன ஒரே ஒருவர் அவர்தான். நான் போய்ப் பானட்டைத் திறந்தேன்.