அப்பா திறந்துவிட்ட மடை

கர்த்தரிடம் போய்ச் சேர்ந்த எங்கள் அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்திற்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் மகளின் வணக்கம். "நல்லத மட்டும் எழுதும்மா, ஒங்க பெரியப்பாவும் படிப்பாரு" என்றார் அம்மா. அவர் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா நன்னிலம் பக்கத்தில் ஒரு லுத்தரன் விவசாயக் குடும்பத்தில் இளைய மகனாகப் பிறந்தார். சின்ன வயதிலேயே ஏர் பிடித்தார். ஞாயிறு ஆராதனைக்கு ஒருநாளும் பிந்தியதில்லை. அப்பா சாந்தமானவர் என்று இன்று யாராவது பேசினால் தயவுசெய்து நம்பாதீர்கள். சோற்றில் ஒரு கல் கிடந்தால் தட்டு முற்றத்துக்குப் பறக்கும்.

பாகம் பிரித்தபோது வாய்க்காலை ஒட்டிய மேல் வயலைப் பெரியப்பா எடுத்துக்கொண்டார். வடிகாலை ஒட்டிய பள்ள வயல் அப்பாவுக்கு. பாசனத் தண்ணீர் பெரியப்பா வயல் வழியாக எங்களுக்கு வர வேண்டும். மழைத் தண்ணீர் எங்கள் வயல் வழியாக அவருக்கு வடிய வேண்டும். நடுவே வரப்பில் ஒரே ஒரு மடை. அண்ணன் தம்பி ஒழுங்காக இருந்தால் அதில் ஒரு தொல்லையும் இல்லை.

எங்கள் வயலையும் தன் மகனுக்குக் கேட்டார் பெரியப்பா. அப்பா மறுத்தார். அந்தக் குறுவையில் மடைக்குத் தன் பக்கம் மண்ணைக் கொட்டி அடைத்தார் பெரியப்பா. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, எங்கள் நாற்றங்கால் கருகியது. கேட்கப் போன அப்பாவிடம், "மேல வயல் நனைஞ்சாத்தானடா கீழ வரும்" என்று சிரித்தாராம். கூடப் பிறந்தவர் பேசுகிற பேச்சா அது?

அதே வருஷம் கார்த்திகையில் மழை கொட்டியது. பெரியப்பாவின் சம்பாப் பயிர் நுனி மட்டும் தெரிய மூழ்கிக் கிடந்தது. இந்த முறை மடையை அடைத்தது அப்பா. மண்வெட்டியைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அன்றைக்கு அம்மா செய்த மீன் குழம்பு எனக்கு அவ்வளவு ருசித்தது.

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்க எல்லோரும் எழுந்து போய் முழங்காலிட்டார்கள். அப்பா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் திருவிருந்து வாங்காமல் இருந்ததை அதுவரை நாங்கள் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்ததும், கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு மண்வெட்டியை எடுத்தார்.

அம்மா வாசலை மறித்தார். "அந்தத் தண்ணி நம்ம பயிர்மேலதான் வரும். அறிவிருக்கா ஒங்களுக்கு?"

"வழிய விடு."

"அவரு செஞ்சதெல்லாம் மன்னிச்சிட்டீங்களாக்கும்?"

"மன்னிச்சேன்னு எவன் சொன்னான்? மனசெல்லாம் எரியுது. பழிக்குப் பழி செய்யாதேன்னு அவரு சொல்லியிருக்காரு, செய்யல. அவ்வளவுதான்." கர்த்தரைத்தான் 'அவரு' என்றார். பெரியப்பாவுக்கு அவர் வைத்த பெயர்களை இந்த நினைவு மலரில் அச்சடிக்க முடியாது.

மடை திறந்தது. மேல் வயல் பிழைத்தது. எங்கள் பயிரில் வடிகால் ஓரம் முழுக்க அழுகியது.

அடுத்த ஞாயிறு பெரியப்பா ஸ்தோத்திரக் காணிக்கையோடு முன்னே போய்ச் சாட்சி சொன்னார். வரப்பு தானாக உடைந்ததாம். கர்த்தர் இறங்கி வந்து தன் வயலைக் காப்பாற்றினாராம். சபையே அல்லேலூயா சொன்னது. நான் துள்ளி எழுந்தேன். அப்பா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். விரல் நொறுங்கிவிடும்போல் அப்படி ஒரு பிடி. அவர் கடைசிவரை அண்ணனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் மடையைத் திறந்துவிட்டார்.

அப்பா தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பெரியப்பா எட்டிப் பார்க்கவில்லை. அடக்கத்தன்று மட்டும் முதல் ஆளாக வந்து, முன் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். இந்தக் குறுவையில் மறுபடியும் தண்ணீரை அடைத்தார். அப்பா இல்லாத வீட்டில் கேட்க யார் இருக்கிறார்கள் என்ற துணிச்சல்.

இதை எழுதும்போது மழை விடாமல் பெய்கிறது. நேற்று மேல் வயல் மூழ்கிக்கொண்டிருந்தது. மடையை நான்தான் அடைத்திருந்தேன். இன்று காலை அம்மா அப்பாவின் மண்வெட்டியை என் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அழுகையும் ஆத்திரமுமாக நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மடைக்குப் போனேன்.

ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணைக்கு இருந்த அத்தை பிள்ளைகளுக்கும், நாற்று கருகிய வருஷம் தங்கள் நாற்றில் பங்கு கொடுத்த பக்கத்து வயல்காரர்களுக்கும், அப்பாவுக்காக ஜெபித்த சபைப் போதகர் ஐயருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பெரியப்பா, உங்கள் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கிறது. எனக்கும் மனம் ஆறவில்லை. எனக்கு நன்றி சொல்ல வேண்டாம். இந்த ஞாயிறு சாட்சி சொல்ல எழுந்தால், அன்றைக்கு மடையை வெட்டிவிட்டது உங்கள் தம்பி என்று சொல்லுங்கள். நான் முன் பெஞ்சில்தான் இருப்பேன். என் கையைப் பிடித்து உட்கார வைக்க இப்போது அப்பா இல்லை.