கடைக்கு வராத வீடியோ கேம்

போன வாரம் காதரிடமிருந்து போன். நான் இன்னும் பல்கூட விளக்கவில்லை.

"மாப்ளே, நீ பாட்டுக்கு என்னத்தையோ எழுதி வெச்சுட்ட. இப்ப பெங்களூர்லருந்து ஒரு அம்மா கிளம்பி வருது. என் கேம் வேணுமாம்."

எனக்கு முதலில் பயம்தான் வந்தது. 'நீ எழுதினதால' என்று யாராவது ஆரம்பித்தாலே போனை வைத்துவிடத் தோன்றும். பெரும்பாலும் அது பாராட்டில் முடிவதில்லை.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். கொஞ்ச நாளைக்கு முன்னால், போகிறபோக்கில் காதரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். திண்டுக்கல்லில் டிவி, மிக்ஸி, மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிற என் பள்ளிக்கூட நண்பன். இளவயதில் ஒரு வீடியோ கேம் செய்தான். அது கடைக்கே வரவில்லை — அவ்வளவுதான் எழுதினேன். கூடவே கடையின் பெயரையும் எழுதித் தொலைத்துவிட்டேன். பெங்களூரில் இருக்கும் தீபா என்பவர் அதைப் படித்துவிட்டு, மேப்பில் தேடி, நேராகக் கடைக்கே போன் போட்டுவிட்டார்.

அவர் வேலை என்ன தெரியுமா? பாதியில் நின்றுபோன, வெளியே வராமலே போன பழைய வீடியோ கேம்களைத் தேடிப் பிடித்துக் காப்பாற்றுவது. இப்படியும் ஒரு வேலையா என்று நான் கேட்டேன். வாராவாரம் பத்தி எழுதுகிற ஆள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது என்று என் மனைவி சொன்னாள்.

சரி, காதரின் கதைக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. டிப்ளமோ முடித்த காதர் கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தான். டிவியில் மாட்டி விளையாடுகிற கேம் மெஷின் ஒன்றை நம் பிள்ளைகளுக்கென்றே தயாரிக்கப் போகிறோம் என்று கிளம்பிய கம்பெனி. "எல்லாக் கேம்லயும் எவனோ எவனையோ சுடுறான். நீ நம்ம ஊர்ச் சமாச்சாரமா ஒண்ணு செய்" என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.

திண்டுக்கல்காரனிடம் போய் நம்ம ஊர்ச் சமாச்சாரம் என்றால் அவன் எதைச் செய்வான்? ஆடுதான்.

அய்யலூர் சந்தையிலிருந்து ஒரு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. விளையாடுகிற நீங்கள்தான் அந்த ஆடு. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருக்கும் புரோக்கர்களுக்கு நடுவே புகுந்து ஓட வேண்டும். லோடு வேன்களைத் தாண்ட வேண்டும். வழியில் முருங்கைத் தோட்டத்தில் ஒரு கடி கடித்தால் கூடுதல் தெம்பு. மலை ஏறிவிட்டால் வெற்றி.

மாட்டிக்கொண்டால்?

திரை முழுக்க ஒரு பெரிய தேக்சா, பிரியாணி அண்டா. பக்கத்தில் கையில் கரண்டியோடு பிரியாணி மாஸ்டர். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, 'வா' என்கிற மாதிரி தலையை ஆட்டுவார். ஆட்டம் முடிந்தது.

அந்த மாஸ்டர் வேறு யாருமில்லை, காதரின் அத்தா. கல்யாண வீடுகளில் பிரியாணி போடுகிற நிஜமான மாஸ்டர். மகன் அவரை அப்படியே வரைந்து மெஷினுக்குள் வைத்துவிட்டான்.

விதி பாருங்கள்... முதலாளியின் மகள் விளையாடிப் பார்த்துவிட்டு அழுதிருக்கிறாள். ராத்திரி சாப்பாட்டில் கறியைத் தொடவில்லையாம். மறுநாள் முதலாளி காதரைக் கூப்பிட்டார். "அந்த மாஸ்டரை எடுத்துட்டு ஒரு பேயைப் போடு. பிள்ளைக பேய்க்கு இம்புட்டு பயப்படாது." காதர் முடியாது என்றான். இவர் போடு என்க, அவன் மாட்டேன் என்க, இந்த இழுபறியிலேயே சந்தை மாறிவிட்டது. வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வர ஆரம்பித்தது. கம்பெனி மூடியது. செய்துவைத்த ஒன்றிரண்டு மெஷினும் எடைக்குப் போய்விட்டன. கேம் இருந்த பச்சை போர்டு ஒன்றை மட்டும் காதர் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். அந்த மெஷின் இல்லாமல் அந்த போர்டு வெறும் அட்டை.

அவன் அத்தாவுக்கு அதெல்லாம் புரியாது. "என் மகன் என்னைய டிவியில போட்டுருக்கான்" என்று கல்யாண வீட்டுக்குக் கல்யாண வீடு சொல்லிக்கொண்டிருந்தார். வில்லனாகப் போட்டிருக்கிறான் என்று யாரோ எடுத்துக் கொடுத்தபோதும் அசரவில்லை. "நான் வராட்டி அங்க ஆட்டம் முடியாதுல்ல" என்றார். கடைசிவரை அதைப் பார்க்காமலே மௌத்தாகிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த கேம் ஒரு வதந்தி மாதிரி ஆகிவிட்டது. நண்பர்கள் நாங்கள் "உன் ஆடு இப்ப எங்க மேயுது?" என்று ஓட்டுவோம். காதரின் மனைவி ரஹ்மத்து அதற்குப் பெயரே வைத்துவிட்டார் — 'அந்தக் கதை'. காதரும் கூடச் சேர்ந்து சிரிப்பான். ஆனால் ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னான்: "எனக்கு பேரெல்லாம் வேணாம் மாப்ளே. அத்தா தொண்டை கிழியச் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. அவரை ஒருதரம் டிவியில ஓட விட்டுப் பாத்துறணும்." அன்றிலிருந்து நான் ஓட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

தீபாவிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. அதே கம்பெனியில் வேலை பார்த்த இன்னொருவரிடம் மெஷினின் வரைபடம் கிடைத்திருக்கிறது. அதை வைத்து, அந்த மெஷினைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு சாஃப்ட்வேரைத் தயார் செய்துவிட்டார். மெஷின் ரெடி. விளையாட்டுத்தான் இல்லை.

வியாழக்கிழமை தீபா வந்து சேர்ந்தார். வேடிக்கை பார்க்க நானும் கடையில் இருந்தேன். கடைக்குள் நுழைந்ததும் நேராக முன்பக்கக் கண்ணாடி ஷோகேஸ் பக்கம் போனார். நடுவில், துடைத்துப் பளபளவென்று, வெயிலில் மின்னிக்கொண்டு அந்தப் பச்சை போர்டு. விருந்தாளி வருகிறார் என்று காதர் அதை அலமாரியிலிருந்து எடுத்து முன்னால் கொண்டுவந்து வைத்திருந்தான்.

தீபாவின் முகம் மாறிவிட்டது. வணக்கம்கூடச் சொல்லாமல் போர்டை எடுத்துத் துப்பட்டாவால் மூடினார்.

"சார், இது மேல ஸ்டிக்கர் ஒட்டலையா?"

விஷயம் இதுதான். அந்தக் காலத்து சிப்பின் தலையில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியாக வெயில் போதுமான அளவு உள்ளே போனால், உள்ளே எழுதியிருப்பதெல்லாம் அழிந்துவிடும். அதனால் மேலே ஸ்டிக்கர் ஒட்டி வைப்பார்கள். காதரின் போர்டில் இரண்டு சிப். ஒன்றில் விளையாட்டு, இன்னொன்றில் படங்கள். இரண்டு ஜன்னலும் திறந்து கிடந்தன.

"ஒட்டிருந்தேனே..." என்றான் காதர். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை வருடம் ஊரார் டிவியெல்லாம் ரிப்பேர் பார்த்த மனுஷன், தன் சொந்தச் சிப்பைக் கவனிக்கவில்லை.

அப்போதுதான் செல்வி வாயைத் திறந்தார். செம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, கடை ஆரம்பித்த நாள் முதல் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறவர்.

"பாய், அந்த ஸ்டிக்கர் முதல் வருசமே உரிஞ்சு விழுந்துருச்சு. உங்கட்ட சொல்லணும்னு எனக்குத் தோணல."

"விழுந்துச்சா? நான் பாக்கவே இல்லையே. அலமாரியத் தெறக்கிறப்பல்லாம் அங்கன சந்தனப் பொட்டுதான இருந்துச்சு? ஸ்டிக்கர் அதுக்கடியில இருக்குன்னுல்ல நெனச்சேன்."

"ஆமா. நாந்தான் வெச்சேன்."

காதர் கடையில் ஆயுத பூஜை முழுக்க முழுக்க செல்வியின் டிபார்ட்மென்ட். பொரிகடலை வாங்கிக் கொடுப்பதோடு காதரின் பங்கு முடிந்தது. சால்டரிங் அயர்ன், மல்டி மீட்டர், ஸ்க்ரூ டிரைவர் என்று ஒன்றுவிடாமல் சந்தனம் குங்குமம் வைப்பார். அந்த போர்டையும் விட்டதில்லை. பாய் பத்திரமாக வைத்திருக்கிற பொருள், அதுவும் ஒரு ஆயுதம்தானே?

"ரெண்டும் கண்ணு மாதிரி இருந்துச்சு மேடம். அதனால அதுமேலயே வெப்பேன். பழசைச் சொரண்ட மாட்டேன். அதுக்கு மேலயே புதுசு அப்பிருவேன். வரட்டி கணக்கா காஞ்சு கெடந்துச்சு. நீங்க பெரிய இன்ஜினீயர் வாரீங்க, பாத்துட்டுச் சிரிப்பீங்கன்னு இன்னிக்குக் காலையிலதான் தண்ணி தொட்டுத் தொடச்சேன்." செல்வியின் கண் கலங்கிவிட்டது. "நான் எதும் கெடுத்துட்டேனா?"

தீபா அவர் பக்கம் திரும்பினார். "அப்ப இன்னிக்குக் காலைலேர்ந்துதான் இது வெயில்ல இருக்கா? அதுவும் கண்ணாடிக்கு உள்ள?"

"ஆமா மேடம்."

தீபா சிரிக்க ஆரம்பித்தார். "அக்கா, நாங்க ஸ்டிக்கர் ஒட்டுவோம். நீங்க வருசா வருசம் சந்தனம் பூசியிருக்கீங்க. ரெண்டும் ஒரே வேலைதான். ஒரு காலை வெயில், அதுவும் ஷோகேஸ் கண்ணாடியைத் தாண்டி வந்தது, அழிக்கப் பத்தாது. ஆனா உள்ள இருக்கான்னு படிச்சுப் பாக்காம எதையும் சொல்ல மாட்டேன்."

சிப்பைப் போர்டிலிருந்து கழற்றுவது காதர் வேலை. கழற்றிய சிப்பைத் தீபா ஒரு சின்னப் பெட்டியில் பொருத்தி லேப்டாப்பில் சொருகினார். வரிசையாக எல்லாம் ஒரே எழுத்தாக வந்தால் காலி என்று அர்த்தமாம்.

எல்லாம் ஒரே எழுத்தாகத்தான் வந்தது.

காதர் மட்டும் எழுந்து, சிப்பைத் திரும்ப வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "சிப்போட கம்பிக் கால்ல சந்தனம் ஒட்டிருக்கும்மா. தொடச்சப்ப கரைஞ்சு எறங்கிருக்கு." ஒவ்வொரு காலாகக் கிளீன் பண்ணிக் கொடுத்தான். மறுபடி சொருகினார்கள். இந்தத் தடவை திரையில் எழுத்தும் எண்ணும் கலந்து தாறுமாறாக ஓடின. இவ்வளவு அழகான தாறுமாறை நான் பார்த்ததில்லை. தீபா திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருகிறது என்று உறுதி செய்துகொண்டார். அடுத்த சிப்பும் பிழைத்திருந்தது.

மத்தியானம் ரஹ்மத்து விருந்தாளிக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். மட்டன் பிரியாணிதான், வேறென்ன? லேப்டாப்பில் ஒரு ஆட்டைக் காப்பாற்றிக்கொண்டே வாழை இலையில் இன்னொரு ஆட்டை முடித்தோம். திண்டுக்கல்லில் இதையெல்லாம் யாரும் முரண்பாடு என்று சொல்ல மாட்டார்கள்.

சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன்: "வெளியே வந்து ஓகோன்னு ஓடின கேம் எவ்வளவோ இருக்கே, அதை விட்டுட்டு ஏன் வராததைத் தேடுறீங்க?"

"வந்ததுக்கு ஆயிரம் காப்பி இருக்கும் சார். எங்கயாவது ஒண்ணு தப்பிச்சுக்கும். வராததுக்கு ஒண்ணே ஒண்ணு, யார் வீட்டுப் பரண்லயோ கிடக்கும். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வாரம் வந்தாலே எனக்குத் தூக்கம் வராது."

யோசித்துப் பார்த்தேன். எல்லோர் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கிறது, இல்லையா? என் வீட்டு மொட்டை மாடியில் தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. மேல்மாடி எழுப்புவதாகத் திட்டம். இப்போதைக்குக் காக்கைகள் உட்காருகின்றன. பீரோவுக்கு மேலே ஒரு நாவல் பாதியில் தூங்குகிறது. ஜெயித்ததை மட்டும் எண்ணி ஒரு மனுஷனைக் கணக்குப் போட்டால், ஆளில் பாதி விட்டுப்போகும் என்று தோன்றியது. பாதியில் விட்டவன் சோம்பேறியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. காதர் மாதிரி, அத்தாவை எடுத்துவிட்டுப் பேயை வைக்கமாட்டேன் என்று நின்றவனாகவும் இருக்கலாம்.

சாயங்காலம் லேப்டாப்பைக் கடையில் இருந்த பழைய டியூப் டிவியோடு இணைத்தார்கள். தீபா தன் பையிலிருந்து ஒரு ஜாய்ஸ்டிக்கை எடுத்துக் காதரிடம் கொடுத்தார். டிவியில் ஒரு பீப்... கட்டம் கட்டமாக ஒரு சந்தை வந்தது. நடுவில், கயிறு தொங்கத் தொங்க, ஒரு வெள்ளாடு.

"இருக்கு" என்றார் செல்வி. அவ்வளவுதான் சொன்னார்.

காதர் ஆட்டை நகர்த்தினான். அது நாலு எட்டு ஓடி, நேராகப் போய் ஒரு புரோக்கரிடம் மாட்டிக்கொண்டது. தேக்சா வந்தது. பக்கத்தில் கரண்டியோடு மாஸ்டர் வந்தார். தோள் துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், கடைசியில் காதுக்குப் பின்னால் ஒரு துடைப்பு.

பிரியாணிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிய ரஹ்மத்து அப்படியே நின்றுவிட்டார். "மாமா" என்றார் மெதுவாக. "மாமா இப்படித்தான் காதுக்குப் பின்னாடி தொடைப்பாங்க." அதுநாள் வரை அதைக் கதை என்று சொன்னவர், பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

காதர் மறுபடி ஆடினான். மறுபடி தோற்றான். அடுத்த ஆட்டத்திலும் அதே இடம், அதே புரோக்கர்.

"சார், ரெண்டாவது லெவல் வேலை செய்யுதான்னு நான் பாக்கணும். கொஞ்சம் ஜெயிங்க" என்று தீபா கெஞ்சினார். காதர் சரி சரி என்று தலையாட்டிவிட்டு இன்னொரு முறை தோற்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டா, நீ செஞ்ச கேம்தான? புரோக்கர் எங்க நிக்கிறான்னு உனக்குத் தெரியாதா?"

காதர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும் மாப்ளே. ஆடு தப்பிச்சுட்டா அத்தா வரமாட்டாருல்ல."

ஜாய்ஸ்டிக்கை என் கையில் கொடுத்தான். நானும் நேராகப் போய் அந்தப் புரோக்கரிடமே மாட்டிக்கொண்டேன்.