மடித்துவிட்ட சட்டைக் கை

அண்ணனின் முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டவள் நான்தான். இத்தனை வருடம் கழித்தும் அந்தத் துணியின் மொரமொரப்பு விரலில் இருக்கிறது. நினைத்தால் அழுகைகூட வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது.

ஜப்பான்காரன் காலம். சுங்கை லாலாங் பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் அரிசியைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க வந்தார்கள். ஆண்களையெல்லாம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்கச் சொன்னார்கள். எலும்பும் தோலுமாக இருப்பவனை விட்டுவிடுகிறார்களாம் என்று லயத்து வீடுகளில் பேச்சு. அண்ணனோ காய்ச்சலில் கிடந்து எழுந்தவன். கை நரம்பெல்லாம் பச்சைப் பசேலென்று புடைத்துக்கொண்டு நின்றது. பார்க்கவே பயமாக இருக்கும். அதைச் சட்டை மறைக்கலாமா? "நல்லா தெரியட்டும்ணே, பாவம்னு விட்டுருவானுங்க" என்று பெரிய கெட்டிக்காரி மாதிரி மடித்துவிட்டேன்.

கங்காணி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினார். "நரம்பு எப்படி முறுக்கேறிக் கெடக்கு பாருங்க ஐயா. நல்லா வேல செய்யிற கை" என்றார். அவர் ஐயா என்றது எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசரை. டிரசர் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெயரை எழுதிக்கொண்டார்.

அண்ணன் திரும்பி வரவேயில்லை. சண்டை முடிந்தபின் ஒருநாள் டிரசரை வழிமறித்து, அண்ணனின் கை நரம்பைப் பற்றிக் கேட்டேன். "அது பலம் இல்லம்மா" என்றார். "தோலுக்கு அடியில இருந்த கொழுப்பு பட்டினியில கரைஞ்சுபோச்சு. மூடியிருந்தது போனா ரத்தக்குழாய் வெளிய தெரியத்தானே செய்யும்?" எனக்குப் பாடம் நடத்துகிறாராம்! "தெரிஞ்சே எழுதினீங்களா? அன்னைக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினேன். "எனக்குப் பின்னால ஜப்பான்காரன் துப்பாக்கியோட நின்னான்மா" என்றார். நின்றான், பொய்யில்லை. அதனாலேயே அவரை மன்னிக்கவும் முடியவில்லை, முழுசாகத் திட்டித் தீர்க்கவும் முடியவில்லை. அது கிடக்கட்டும், எனக்குப் பின்னால் யார் துப்பாக்கியோடு நின்றார்கள்?

போன வாரம் சுங்கை பட்டாணி கிளினிக்கில் ரத்தம் எடுக்க வந்த தாதிப்பெண் என் சட்டைக் கையை மடித்துவிட்டாள். வயதாகித் தோல் காகிதமாகிவிட்டது. உள்ளே ஓடுவதெல்லாம் வெளியே தெரிகிறது. "பாட்டி, ஒங்க நரம்பு சூப்பர்லா, தேடவே வேணாம்" என்று சிரித்தாள். சின்னப் பெண், அவள் மேல் என்ன தப்பு? இருந்தாலும் சுருக்கென்று கோபம் வந்தது. ஊசியை எடுத்ததும், பஞ்சு ஒட்டும்வரைகூடப் பொறுக்காமல், சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டேன். அன்றைக்கு நான் மடித்துவிடும்வரை அண்ணனின் சட்டைக் கையும் அப்படியேதான் இருந்தது.