நசுங்க வேண்டிய பெட்டி

நல்ல சாமானை நசுக்குவதற்குச் சம்பளம் வாங்குகிற மனுஷியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் ‘நசுக்கு அக்கா’. பெயர் வைத்தவன் வேறு யாருமில்லை, கூடப் பிறந்த தம்பிதான். டாக்சி ஓட்டுகிறவன். ஒருநாள் அவளைக் கூட்டிப்போக வந்தவன் கேட்டில் நின்று, “நசுக்கு அக்கா, முடிச்சாச்சா?” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான். அதோடு போயிற்று அவளுடைய சொந்தப் பெயர்.

காரின் முன் பம்பருக்குப் பின்னால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அலுமினியப் பெட்டிகள் ஒளிந்திருக்கும். வண்டி எதிலாவது மோதினால் அவை மடிப்பு மடிப்பாக மடங்கி அடியைத் தாங்களே வாங்கிக்கொள்ள வேண்டும். விரிசல் விட்டு உடைந்தால் அடி உள்ளே இருக்கிறவர்களுக்குப் போய்விடும். அந்தப் பக்குவம் கொடுப்பதுதான் அக்காவின் வேலை. முதலில் பெரிய உலையில், உருகிவிடாத அளவுக்கு நல்ல சூடு. கதவு திறந்ததும், கண்ணை மூடித் திறப்பதற்குள், கூடையோடு தண்ணீரில் முக்கிவிட வேண்டும். பிறகு சின்ன உலையில் மிதமான சூட்டில் மணிக்கணக்காகக் கிடக்கும்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். பெட்டி நன்றாக இறுகின கட்டத்திலேயே வெளியே எடுத்துவிட்டு, “கல்லு மாதிரி இருக்குக்கா!” என்று பல்லைக் காட்டுவார்கள்.

“கல்லு மாதிரி இருந்தா யாருக்குடா லாபம்? இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும். திமிர் அடங்கினாத்தான் மடங்கும்” என்பாள்.

கூடைக்கு ஒரு பெட்டியை எடுத்துப் பிரஸ்ஸில் வைத்து நசுக்குவாள். மடிப்புகளின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டுவாள். விரிசல் இருந்தால் நகம் மாட்டும்; அந்தக் கூடை முழுதும் திரும்ப உலைக்குப் போகும்.

தம்பி அந்தப் பெட்டி பொருத்திய வண்டியாகப் பார்த்துத்தான் வாங்கினான். “எங்கக்கா வேகவெச்ச வண்டி” என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் அளப்பான். அவர்கள் ஒன்றும் புரியாமல் தலையாட்டுவார்கள்.

ஒரு மத்தியானம் அவனுடைய கூட்டாளியிடமிருந்து போன். “அக்கா, வண்டி பாலத்துத் தூண்ல மோதிடுச்சு. முன்பக்கமே போச்சு. உடனே வாங்க.” அவ்வளவுதான். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை, படுபாவி.

பஸ்ஸில் இடம் இருந்தும் அவளால் உட்கார முடியவில்லை. அவன் வண்டி வாங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு மழைநாளில், சங்கிலி சிக்கி ஒரு கூடை தண்ணீரில் தாமதமாக இறங்கியது. அதிலிருந்து எடுத்து நசுக்கிய பெட்டியில் மெல்லிசாக ஒரு கோடு. நகம் மாட்டின மாதிரியும் இருந்தது, மாட்டாத மாதிரியும் இருந்தது. வாசலில் சரக்கு ஏற்ற லாரி வேறு நின்றுகொண்டிருந்தது. அந்தக் கூடையைத் திரும்ப உலைக்கு அனுப்பினோமா, போய்த் தொலையட்டும் என்று விட்டோமா? மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாலும் ஞாபகம் வரவில்லை. அந்தக் கூடைப் பெட்டி அவன் வண்டியில் இருந்திருந்தால்? ‘என் கையாலேயே அவனைக் கொன்னுட்டேனா?’ என்று நினைத்தபோது கம்பியைப் பிடித்திருந்த கை வழுக்கியது.

பாலத்தடியில் கூடியிருந்த கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போனாள். தம்பி நடைபாதை ஓரத்தில் தண்ணீர் பாட்டிலும் கையுமாக உட்கார்ந்து, குறுக்கே வந்த நாயின் பரம்பரையைத் திட்டிக்கொண்டிருந்தான். நெற்றியில் ஒரு புடைப்பு, அவ்வளவுதான். அவள் தலை, கை, கால் என்று ஒன்று விடாமல் அமுக்கிப் பார்த்தாள்.

“இங்க வலிக்குதாடா? இங்க?”

“கிச்சுகிச்சு மூட்டாதக்கா. எல்லாரும் பாக்குறாங்க.”

அப்புறம்தான் வண்டியிடம் போனாள். நடுரோட்டில் மண்டியிட்டு, தொங்கிக்கொண்டிருந்த பம்பருக்குள் கையை விட்டாள். பெட்டி அழகாக மடங்கியிருந்தது. ஒவ்வொரு மடிப்பிலும் நகத்தை ஓட்டினாள். ஓரிடத்தில்கூட மாட்டவில்லை.

“எப்படிக்கா? உன் பிரஸ்ஸை விட நல்லா நசுக்கிட்டேன்ல?” என்று பின்னால் நின்று இளித்தான் தம்பி.

அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அதே தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“ஏன்க்கா அழுற? எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே!”

“அதனாலதான்டா அழுறேன், எருமை!”

அந்த மழைநாள் கூடை என்ன ஆயிற்று என்பது இன்றுவரை அவளுக்கு ஞாபகம் வரவில்லை. வேறு யாருடைய வண்டியிலாவது ஓடிக்கொண்டிருக்கலாம். இப்போதெல்லாம் நகம் மாட்டின மாதிரி ஒரு நினைப்பு வந்தாலே போதும், கூடை திரும்பப் பெரிய உலைக்குத்தான். “லாரி நிக்குதுக்கா, இந்த ஒரு தடவை விட்டுடுங்களேன்” என்று யாராவது கெஞ்சினால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள்.

“நிக்கட்டும். இந்தப் பெட்டி போற வண்டியில எவளோட தம்பியோ உட்கார்ந்திருக்கான்.”