கழற்றி வைத்த கைப்பிடி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு எங்கள் வீட்டுக் குளியலறையில் துண்டு போடும் கம்பி சுவரோடு பெயர்ந்து விழுந்தது. நான் சமையலறையில் கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தேன். மகளைப் பெண் பார்க்கப் பூதலூரிலிருந்து வருகிறவர்கள், மாதா கோயிலில் காலைப் பூசை முடித்துக்கொண்டு கிளம்புவதாகச் சொல்லியிருந்தார்கள். எவர்சில்வர் கம்பி தரையில் உருண்டு எதிலோ மோதி நிற்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகு குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. ரவை கருகும் வாசனை வந்தும் அடுப்பை அணைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அந்தக் காலையை நினைத்தால் எனக்கு அண்ணியின் நினைவு வராமல் இருக்காது. அண்ணி என் கணவரின் அக்கா, மன்னார்குடியில் இருக்கிறார். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் எந்தக் கல்யாணப் பேச்சும் அவர் இல்லாமல் நடந்ததில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் எதை முதலில் சொல்வது, எதைச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்வது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் மருமகளாக வந்த நாளிலிருந்து அவர் சொல்லுக்கு மறுசொல் சொல்லிப் பழகவில்லை. இந்த வரனைப் பங்குச் சாமியார் மூலம் கொண்டுவந்ததும் அவர்தான். முதல் நாளே வந்து தங்கிவிட்டார்.

மகளுக்கு முடக்குவாதம் என்று டாக்டர் சொன்னபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. வயதானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானம் இல்லை இது. காலையில் எழுந்ததும் விரல், மணிக்கட்டு, முட்டி எல்லாம் இறுகிப்போய்க் கிடக்கும். வெயில் ஏறிய பிறகுதான் கொஞ்சம் இளகும். மார்கழி, தை மாதங்களில் அதுவும் தாமதமாகும். வீட்டிலேயே அவள் அதிகம் பயந்த இடம் குளியலறை. உட்கார்ந்தால் எழ முடியாது, திருகு குழாயைத் திருக முடியாது, தண்ணீர் நிறைந்த மக்கைத் தூக்க முடியாது. ஒவ்வொன்றாக மாற்றினோம். அவள் கை உயரத்தை அளந்து, கம்மோடுக்குப் பக்கத்தில் ஒன்றும் குழாய்க்குப் பக்கத்தில் ஒன்றுமாக, செங்கல் வரை துளை போட்டுக் கனமான கைப்பிடிக் கம்பிகள் மாட்டினோம். கம்மோடின் மேல் உயரம் கூட்டும் இருக்கை வைத்தோம். குளிக்க, கால் வழுக்காத ஸ்டூல். தரைக்கு ரப்பர் மெத்தை. முழங்கையால் தள்ளினாலே திறக்கும் குழாய். எண்ணெய் தேய்ப்பதைக் கூடத்துக்கு மாற்றி, பழைய துணியால் நன்றாகத் துடைத்த பிறகே உள்ளே போக வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். உள் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, ஆள் இருப்பதற்கு அடையாளமாக வெளியே ஒரு துண்டைத் தொங்கவிட்டோம். அதன் பிறகு அவள் யாரையும் கூப்பிடாமல் குளித்தாள், கும்பகோணத்துக்கு ரயிலேறி வேலைக்குப் போனாள். எங்களுக்கு வேண்டியிருந்ததும் அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணி குளியலறை வாசலில் நின்று பார்த்தார். "பொண்ணு பாக்க வர்றவங்க கை கழுவுற சாக்குல மொதல்ல எட்டிப் பாக்குற எடம் இதுதான். ஆஸ்பத்திரி மாதிரி வச்சிருக்கீங்களே!" என்றார். வியாதியை மறைக்கச் சொல்லவில்லை. "அவங்களுக்குப் பொண்ணு புடிக்கட்டும், அப்புறம் பக்குவமா நானே சொல்றேன். கம்பியப் பாத்துட்டா பொண்ணப் பாக்க மாட்டாங்க" என்பதுதான் அவர் கணக்கு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. என் கணவர் ஸ்பேனர் எடுத்துவந்து கம்பிகளைக் கழற்றினார். துளைகளில் வெள்ளை சிமெண்ட் பூசினார். ஸ்டூலும் இருக்கையும் ரப்பர் மெத்தையும் பரணுக்குப் போயின. தாழ்ப்பாள் இல்லாத குளியலறை எந்த வீட்டில் இருக்கிறது என்று அண்ணி கேட்டதால் அதுவும் திரும்பி வந்தது.

மகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "அத்தே, பரண்ல எடம் இருந்தா என்னையும் தூக்கி வச்சிருங்க. அவங்க போனதும் எறக்கிக்கலாம்" என்றாள்.

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்று அண்ணி சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

மறுநாள் காலை நடந்ததை மகள் பிறகுதான் சொன்னாள். கம்மோடிலிருந்து எழும்போது கை பழக்கத்தில் கம்பியைத் தேடிப் போயிருக்கிறது. அங்கே வழவழவென்று சுவர்தான் இருந்தது. சரிந்தவள் எட்டிய துண்டுக் கம்பியைப் பிடித்தாள். துண்டு தாங்க மாட்டிய கம்பி ஆளைத் தாங்கவில்லை.

கதவு உள்பக்கம் திறப்பது. அவள் அதை ஒட்டியே விழுந்திருந்தாள். உடைத்துத் தள்ளினால் அவள்மேல்தான் விழும். என் கணவர் கடப்பாரையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். "தங்கம், ஏதாவது பேசும்மா" என்று நான் கதவில் வாயை வைத்துக் கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து, "கத்தாதம்மா, இருக்கேன்" என்றாள். மக்கின் பிடியைத் தாழ்ப்பாளுக்கு அடியில் கொடுத்து அவளே தட்டினாள். தட்டுவாள், நிறுத்துவாள், மூச்சு வாங்குவாள், மறுபடி தட்டுவாள். நாங்கள் இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். தாழ்ப்பாள் விலகியதும் அவள் சுவரோரம் நகர்ந்துகொள்ள, கதவை மெதுவாகத் தள்ளித் திறந்தோம்.

இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. இடுப்பில் அடிதான், முறிவு இல்லை. தலையில் பட்டிருந்தால் என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை. அவள் குளிக்கப் போனால் ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமே நடமாடுகிறேன். பூதலூர்க்காரர்களுக்கு என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்தே போன் செய்து, வியாதி, கம்பி எல்லாவற்றையும் சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், பிறகு தகவல் சொல்வதாகவும் சொன்னார்கள். தகவல் வரவில்லை.

அண்ணி அன்றே மன்னார்குடிக்குப் பஸ் ஏறிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, போனும் இல்லை. எனக்கு ஆறவில்லை. மகளை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, கம்பிகளைத் திரும்ப மாட்ட ஆள் வந்து துளை போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி வாசலில் வந்து நின்றார். வாங்க என்று மட்டும் சொன்னேன். அவர் நேராகக் குளியலறைக்குப் போனார். வேலை முடியும்வரை சுவரைப் பிடித்தபடி நின்றார். ஆள் வெளியே வந்ததும் உள்ளே போய், புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். பிறகு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து எழுந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். எத்தனையோ விசேஷங்களில் அவரைப் பார்த்திருக்கிறேன். ஒரு முறைகூட அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதைப் பெரியவீட்டு மிடுக்கு என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

மகள் கட்டுப்போட்ட கையோடு பின்னால் வந்து நின்றாள். "எத்தன வருஷமா அத்தே?" என்றாள்.

"எனக்கு முட்டி புடிச்சப்ப ஒனக்குக் கல்யாணமாகிப் புள்ள பொறந்திருந்தா, அது இப்ப பள்ளிக்கூடம் போயிருக்கும், அத்தன வருஷம். ஒங்க மாமாவுக்கே தெரியாது" என்றார் அண்ணி. பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்த ஆள மன்னார்குடிக்கும் ஒரு நட வரச் சொல்லும்மா. பட்டப்பகல்லயே வரட்டும், தெருவுல யாரு பாத்தாலும் பாக்கட்டும்."