மச்சான் பார்த்த பல்

மச்சான் வந்து வாயைப் பிளந்து பார்க்கும்போது எந்த மாடும் முரண்டு பிடிக்காது. இடது கையில் மூக்கணாங்கயிறு, வலது பெருவிரலால் உதட்டைத் தள்ளி ஒரு பார்வை. அவ்வளவுதான். மாட்டின் வயதைச் சொல்லிவிடுவார். பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகு செய்தவர், என் அக்காவைக் கட்டியவர். நானும் அவரோடு மாடு ஓட்டிக்கொண்டு அலைந்தேன்.

அவருக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. ஒரு மாசி மாதம் கன்னம் வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டது. கஞ்சிகூட இறங்கவில்லை. வலி தாங்காமல் வண்டிச் சக்கரத்தில் தலையை முட்டினார். அக்கா அழுத அழுகையில் நானும் அவரும் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினோம்.

அங்கே பல்லுக்கென்றே ஒரு டாக்டர் இருந்தார். ஊசி போட்டு மரக்கவைத்து எடுப்பேன், இரண்டு ரூபாய் ஆகும் என்றார். மச்சான் பேரம் பேசவில்லை. மடியில் பணம் இருந்தது. நாற்காலியில் உட்காரப்போனவர் நின்றார்.

"ஏனுங் டாக்டரு, ஒருக்கா உங்க வாயத் தொறங்க, பாத்துக்கறேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். சிரிப்பிலேயே தெரிந்துபோனது. மேல்வரிசை முழுக்கக் கட்டின பல். மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வா மாப்ள, போலாம். தன்ற பல்லையே காப்பாத்தத் தெரியாதவரு என்ற பல்ல என்னத்தப் பாப்பாரு?"

"உசுரு போகுதுன்னீங்களே மச்சா."

"போனாப் போகுது, வா."

அடுத்த சந்தையன்று, பொள்ளாச்சியில் சந்தைக்குள்ளேயே பல் பிடுங்குகிறவன் முன் போய் நின்றார். அவன் வாயைத் திறந்து காட்டினான். அத்தனையும் வெள்ளை. மச்சானுக்குத் திருப்தி. அவன் கேட்ட நாலணாவை முன்னாலேயே கொடுத்தார். அவன் அவரைத் தரையில் சாய்த்து, மார்பில் முழங்காலை ஊன்றி இரும்புக் குறட்டை வாய்க்குள் விட்டான். தலையை நான் பிடித்திருந்தேன். முதல் இழுப்பில் பல் நொறுங்கியது. அடுத்த இழுப்பில் காய்ந்த குச்சி முறிகிற சத்தம். முறிந்தது தாடை. மச்சான் அவனை எட்டி உதைத்தார். அவன் குறட்டாலேயே அவர் முகத்தில் அடித்தான். நான் மாடு ஓட்டும் தார்க்குச்சியைத் திருப்பிப் பிடித்து, அவன் கை தொங்கும்வரை அடித்தேன். ரத்த வாடைக்கு மாடுகள் மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின.

சீழ் கழுத்துக்கு இறங்கியது. அதே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். தாடைக்குக் கீழே கீறினார். கிண்ணம் நிறைந்தது. கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கே உக்காந்திருந்தா ஒரு பல்லோட போயிருக்குமேப்பா. ஏன் எந்திரிச்சுப் போனாரு?"

மச்சானால் பேச முடியாது. நான்தான் சொன்னேன். "உங்களுது கட்டுன பல்லுன்னுங்க."

டாக்டர் பல்வரிசையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தார். மேலுதடு உள்ளே போய்விட்டது. குழறிக் குழறிச் சொன்னார். "எனக்கும் சந்தையிலதான் புடுங்குனாங்க. சின்னப் பையன் நானு. சீழ் வெச்சு மேல்வரிசையே போச்சு. அதுக்கப்புறந்தான் இந்தப் படிப்புக்கே போனேன்."

மச்சான் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். டாக்டரின் உள்ளங்கையையே பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் மூச்சு அடைத்துப் போய்விட்டார். டாக்டருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். ஊரில் அக்கா முகம் பார்க்க வேண்டும் என்றாள். தாடையைச் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்க்க நான் விடவில்லை.

இப்போது எனக்குப் பல் வலித்தால் மகன் டவுனுக்குக் கூட்டிப்போகிறான். டாக்டர் யார், எப்படி என்று நான் விசாரிப்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும், அவர் சொல்வதற்கு முன்பே வாயைத் திறந்துவிடுகிறேன்.