எட்டு நட்டுக்கு எவ்வளவு சோறு

போன வாரம் மலாக்கா பக்கம் அலோர் காஜாவில் காரைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தேன். பட்டறைப் பையன் நாளிதழின் ஓரத்தைக் கிழித்து, நட்டு முடுக்கும் சாக்கெட்டின் வாய்மேல் வைத்து, அதற்குள் நட்டை அழுத்தினான். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். நட்டு விழவில்லை. பிறகு கை மட்டும் போகக்கூடிய ஓர் இருட்டுக்குள் அதைச் செலுத்தினான்.

"சோறு வைக்கமாட்டீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டேன்.

"சோறா? பசியா இருக்கா அங்கிள்? பக்கத்துலயே கடை இருக்கு லா."

எங்கிருந்து தொடங்கி விளக்குவது என்று தெரியாமல் சிரித்து மழுப்பினேன். வீட்டுக்கு வந்ததும் தோட்டத்தில் வேலை பார்த்த ஆண்டின் நாட்குறிப்பை எடுத்தேன். என் நாட்குறிப்பில் மழை பெய்த நேரம் இருக்கும், ஆலைச் சங்கு ஐந்து நிமிடம் பிந்தி ஊதியது இருக்கும். நான் தேடிய நாளுக்கோ ஒரே வரிதான்: "பம்பு பழுது. எட்டு நட்டு. சன்னாசி அண்ணன் திரும்பவில்லை." வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவில், வீடு வீடாகச் சோதனை நடந்த அவசரகாலம் அது. எழுதப் பயந்திருக்கிறேன். அதனால், மற்றதையெல்லாம் நம்ப முடியாத என் நினைவிலிருந்துதான் சொல்கிறேன்.

புலாவ் செபாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். சன்னாசி அண்ணனும் நானும் ஆலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர்கள். எனக்கு வயது இருபத்திரண்டு, அவர் மூன்று வயது மூத்தவர். தொழிலாளர்களின் லைன் வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி, ஒரே ஒரு வாசல். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்விடக் கூடாது என்பதால் எல்லோருக்கும் பொதுச் சமையல். சோற்றை வேலிக்குள்ளேயே தின்றுவிட வேண்டும். ஒரு பருக்கை வாசலைத் தாண்டக் கூடாது. ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் போகும் பெண்களின் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்ப்பார்கள்.

பம்பு வீடு வேலிக்கு வெளியே, ஓடைக்கரையில் இருந்தது. பம்பின் பின்மூடிக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. அதைக் கட்டியவன் நட்டு முடுக்கியே அறியாதவனாக இருக்க வேண்டும். கை போகாது, கண்ணும் போகாது. நீளக் கம்பியின் நுனியில் சாக்கெட்டை மாட்டித்தான் விடவேண்டும். நட்டு அதில் ஒட்டிக்கொண்டு போகாவிட்டால் கீழே சேற்றில் விழும். கிரீஸ் தடவினால் வெயிலில் உருகி வழுக்கும். சன்னாசி அண்ணன் சோற்றை மசித்து சாக்கெட்டின் உள்சுவரில் அப்புவார். காற்றாடி, கிழிந்த புத்தகம், சுவரில் சாமி படம் என்று எல்லாவற்றையும் எங்கள் வீடுகளில் சோறுதான் ஒட்டியது. கருவிப் பெட்டிக்குள் இருந்தால் அது எங்கள் கண்ணுக்குச் சோறாகவே தெரிவதில்லை. வாசல் காவலர்களும் எண்ணெய் கையில் படுமே என்று பெட்டியை மேலோட்டமாகப் பார்த்து அனுப்பிவிடுவார்கள்.

அன்று காலை வாசலில் புதிய மலாய்க் காவலர். எண்ணெய்த் துணியை விலக்கினார். வாழையிலையில் மடித்த சோறு, வாத்து முட்டை அளவுக்கு.

"நாசி?" என்றார். சோறா என்று கேட்கிறார்.

"மாக்கான் இல்ல துவான், நட்டுக்கு," என்று சன்னாசி அண்ணன் சிரித்தார். திங்க இல்லையாம், நட்டுக்காம். காவலர் சிரிக்கவில்லை. காவல் கொட்டகையிலிருந்து தமிழ் சார்ஜன் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. இது சோறா, இல்லையா?"

"சோறுதாங்க."

"எத்தன நட்டு?"

"எட்டு."

"எட்டு நட்டுக்கு இவ்ளோ வேணுமா?"

கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொல்வது என் வியாதி. நட்டுக்கு நாலு பருக்கை என்று மனத்துக்குள் பெருக்கினேன். "முப்பத்திரண்டு பருக்கை போதுங்க," என்றேன்.

சன்னாசி அண்ணன் என்னைப் பார்த்தார். "டேய், நீ என்ன கணக்கு வாத்தியாரா?" என்றார். கோபமா கேலியா என்று இன்றுவரை பிடிபடவில்லை. அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். சோற்றோடு பிடிபட்டவர்கள் அப்போதெல்லாம் எளிதில் திரும்பி வருவதில்லை.

பம்பு எனக்காகக் காத்திருந்தது. கிரீஸ் வைத்தேன், நட்டு விழுந்தது. காகிதம் வைத்தேன், ஓடை ஈரத்தில் ஊறி அதுவும் விழுந்தது. நண்பகலில், தண்ணீர் வராத குழாயடிக்குத் திரும்பினேன். காலிக் குடத்தோடு அவர் மனைவி அஞ்சலை நின்றிருந்தார்.

"முப்பத்திரண்டு பருக்கைன்னு எண்ணிச் சொன்னியாமே தம்பி. எங்க வீட்டு ஆம்பள எத்தன நாள்ல வருவாருன்னு அதையும் எண்ணிச் சொல்லு."

தண்ணீர் இல்லாத லைன் சனங்களை அடக்க முடியாமல் தோட்ட அலுவலகக் கிராணி போய் சார்ஜனிடம் பேசினார். பிற்பகலில் சார்ஜனே ஒரு மங்குக் கிண்ணம் நிறையச் சோற்றை எடுத்துக்கொண்டு பம்பு வீட்டுக்கு வந்தார். என் அருகில் குந்திக்கொண்டார். நான் அப்பினேன், விட்டேன். மரை பிடிக்கவில்லை. வெளியே இழுத்தால் சோறு உதிர்ந்துவிடும், மறுபடி அப்ப வேண்டும். எட்டாவது நட்டு பிடித்தபோது மங்கு காலி. காலையில் பிடிபட்டதைப் போல இரண்டு மடங்கு சோறு போயிருந்தது.

சார்ஜன் மங்கைக் கவிழ்த்துப் பார்த்தார். "முப்பத்திரண்டுன்னியே?"

சன்னாசி அண்ணனுடையது பழகிய கை, அவருக்கு இவ்வளவு தேவைப்படாது என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. அதுவும் சரியான விடைதான். என்னமோ, "கணக்குத் தப்புங்க," என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து நாட்குறிப்பில் இருக்கிறது: "சன்னாசி அண்ணன் வந்தார்." அவருக்காகக் காலி மங்கு பேசியதா, கிராணி பேசியதா, தெரியாது. அன்று மாலையே அவரிடம் கேட்டேன். "அண்ணே, அவ்ளோ சோறு எதுக்கு?"

"கணக்கு போட்டவன் நீ. மிச்சம் எவ்ளோன்னு நீயே சொல்லேன்."

பம்பு வேலைக்குப் போனால் அவர் கொஞ்ச நேரம் தனியாக ஓடையைத் தாண்டிக் காட்டோரம் போய்வருவார் என்று இப்போது தோன்றுகிறது. அது பீடி பிடிக்க என்றும் தோன்றுகிறது. போகவே மாட்டார் என்றும் சில நாள் தோன்றுகிறது. சில ஆண்டுகளில் அஞ்சலையோடு கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். கடிதம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டு நட்டுகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சோற்றை மசித்தேன். மேசைமேல் முப்பத்திரண்டு பருக்கை தாராளமாகப் போதும். என் மனைவி மிச்சச் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் மேசைமேல் யாருக்குத்தான் போதாது? மறுநாள் அந்தத் தோட்டத்துக்கே காரை ஓட்டிப் போனேன். பால்மரங்கள் இருந்த இடத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை. வேலியும் வாசலும் இல்லை, பம்பு வீட்டுச் சுவரும் இல்லை. அந்த நான்கு விரல் இடைவெளி இல்லாமல் என் கணக்கை இனி எதை வைத்துச் சரிபார்ப்பது என்று தெரியவில்லை.